கனக்க எண்டால் எத்தனை?

இத்தாலிய மொழி படிக்கத் தொடங்குகிற எங்கட ஆக்களுக்கு முதல் தலையிடியைக் கொடுப்பது பாண். "கடையில பாண் வாங்கிக்கொண்டு வா" என்று தமிழில் சொன்னால் விசயம் முடிஞ்சுது. எவ்வளவு பாண், எந்தப் பாண் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இத்தாலிய மொழிப் பாடப்புத்தகத்தில் அதே வசனம் "கொம்ப்ரா தெல் பானே" என்று இருக்கும். கொம்ப்ரா என்றால் வாங்கு. பானே என்றால் பாண். நடுவில் நிற்கிற "தெல்" என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

(இத்தாலியரின் தகரமும் தகரத்தின் மெல்லொலியும் பல்லில் நாக்குப் படுகிற ஒலிகள். அதனால் ஆங்கிலம் படித்த பழக்கத்தில் "டெல்" என்று எழுதாமல் தமிழ்த் தகரத்தையே போடுகிறேன்.)

தெல் என்பது இரண்டு சொற்களின் ஒட்டு. இலத்தீனில் "தே" என்றால் "இலிருந்து". "இல்லே" என்றால் "அந்த". இரண்டும் தேய்ந்து தேய்ந்து "தெல்" ஆனது. ஆக, ஒரு இத்தாலிக்காரர் பாண் வாங்கச் சொல்லும்போது, சொல்லின் அடியில் கிடக்கிற பொருள் "அந்தப் பாணிலிருந்து" என்பது. உலகத்தில் உள்ள பாண் எல்லாம் ஒரு பெரிய குவியலாகக் கிடக்க, அதிலிருந்து அளவு சொல்லாத ஒரு பங்கை எடுப்பது போல. பெண்பால் சொல்லென்றால் "தெல்லா", பன்மை என்றால் "தெய்", "தெல்யி", "தெல்லே". மொத்தம் ஏழு வடிவம். எல்லாம் எவ்வளவு என்று சொல்லாமல் இருப்பதற்காக!

இதெல்லாம் வெறும் இலக்கண விளையாட்டு இல்லை. 2010ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து இத்தாலியில் நீண்டகால வதிவிட அனுமதி எடுப்பதற்கு ஏ2 நிலை மொழிச் சோதனை பாஸ் பண்ண வேணும். 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்கு பி1. பலெர்மோவில் 1980களிலிருந்து ஈழத்தமிழர் குடியிருக்கிறார்கள். அந்த நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சைவர்களும் கத்தோலிக்கர்களுமாகச் சேர்ந்து ஏறுகிற அளவுக்கு அந்த ஊரோடு ஒட்டிப்போனவர்கள். அவர்களில் யாராவது சோதனைத் தாளில் "தெல்" போட மறந்தால் புள்ளி போகும். தீவகத்துக் குடும்பம் ஒன்றில் ஒரு கிளை நெடுந்தீவிலும், இன்னொன்று வெள்ளவத்தையிலும், மற்றது ஐரோப்பாவிலும் இருப்பது இப்ப சாதாரணம். அந்த மூன்றாவது கிளைக்கு இந்த "தெல்" வீட்டு விசயம்.

பாண் என்ற சொல்லே எங்களுக்குப் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனது. அவர்கள் யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்தார்கள். ஊர்காவற்றுறைக்குக் "கயிட்ஸ்" என்ற பெயரும் அவர்களுடைய மொழியில் யானைத்துறை என்று பொருள்படும் சொற்றொடரின் மிச்சம். பகிடி என்னவென்றால், இன்றைய போர்த்துக்கேய மொழியில் இந்த "தெல்" மாதிரி ஒன்று கிடையாது. பிரெஞ்சிலும் இத்தாலியிலும்தான் அது நிலைத்தது. நாங்கள் பாணை மட்டும் வாங்கினோம்.

தமிழில் பெயர்ச்சொல் மொட்டையாக நிற்கும்போதே அளவு சொல்லாத நிலையில்தான் நிற்கிறது. "மீன் வந்திருக்கு" என்றால் ஒரு மீனும் ஆகலாம், ஒரு வள்ளம் நிறைய மீனும் ஆகலாம். அஃறிணைக்குப் பன்மை விகுதி போடுவதுகூட எங்கள் விருப்பம்தான். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அஃறிணைப் பெயர்கள் பன்மைக்குறி இல்லாமலே புழங்குவதைக் கவனித்து எழுதினார். "பத்து மரம்" என்று சொன்னால் போதும், "பத்து மரங்கள்" என்று எழுதுவது புத்தகத்துக்கு. இத்தாலியன் "இருக்கிறதில் கொஞ்சம்" என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிற இடத்தில் தமிழன் வாயைத் திறக்காமலே அதைச் சொல்லிவிடுகிறான்.

இந்த வேறுபாட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து கடந்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். 1680இல் வட இத்தாலியின் காஸ்தில்யோனேயில் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, எங்களுக்கு வீரமாமுனிவர். தேம்பாவணியையும் தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பலருக்குத் தெரியாதது, பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம். அது 1738இல் தரங்கம்பாடியில், அவர் சார்ந்த கத்தோலிக்க மிசனுக்கு நேர்ப் போட்டியாக இருந்த லூத்தரன் மிசனின் அச்சுக்கூடத்தில் அச்சானது! சண்டைக்காரரின் அச்சுக்கூடமே அச்சடித்துக்கொடுத்தது என்றால் புத்தகத்தின் தேவை எவ்வளவு இருந்திருக்கும். இலத்தீனிலும் "தெல்" இல்லை, தமிழிலும் இல்லை. தாய்மொழியில் "தெல் பானே" என்று கேட்டு வளர்ந்த மனிதர் அது இல்லாத ஒரு மொழியில் நின்று, அது இல்லாத இன்னொரு மொழியை விளக்கினார்.

அதற்காகத் தமிழில் அளவு சொல்லாத அளவுகளுக்குப் பஞ்சம் என்று நினைக்கவேண்டாம். தொல்காப்பியம் "பல", "சில" இரண்டையும் பலவின்பால் பெயர்களோடு வைத்துப் பேசுகிறது. நன்னூல் மிகுதியைச் சொல்ல ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. "நனி"யும் "சால"வும் அதில் உள்ளவை. இப்ப மேடைப் பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. பேச்சுவழக்கு வேறு வழியில் போய்விட்டது. எங்கட பக்கத்தில் மிகுதிக்குச் சொல் "கன". கன பேர், கன காலம், கன தூரம், கனக்க. கனம், கனதி என்ற சொற்களோடு சேர்ந்தது. எண்ணிக்கையைப் பாரமாக மாற்றிச் சொல்கிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் "கன நாளாய்க் காணேல்லை" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் யோசிப்பார்.

குறைவுக்கு உடம்புதான் அளவுகோல். நுள்ளு, பிடி, சிறங்கை, மிடறு, சொட்டு. கொஞ்சம் பெரிதானால் வீட்டுச் சாமான் வரும்: பேணி, சுண்டு, கொத்து, கடகம். சுண்டும் கொத்தும் அளந்து போடுகிற அளவைகள்தான். ஆனாலும் "ஒரு சுண்டு அரிசி இருந்தாத் தாங்கோ" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறபோது அங்கே யாரும் விளிம்பு பார்த்துத் தட்டுவதில்லை. மீன் சந்தையில் "கூறு" இருக்கிறது. குவித்து வைத்த ஒரு பங்கு மீன், அதற்கு ஒரு விலை. கூறு என்றால் பிரித்த துண்டு. முழுப் பாட்டிலிருந்து பிரித்து எடுத்தது. இத்தாலியில் மீன் வாங்கப் போனவர் "தெல் பேஷே" என்று கேட்பதும் சொல்லுக்குச் சொல் அதே எண்ணம்தான், "மீனிலிருந்து". ஒரு வித்தியாசம், எங்கட கூறைக் கண்ணால் பார்க்கலாம், பேரம் பேசலாம், "உதில இன்னும் ரெண்டு சூடை போடுங்கோ அண்ணை" என்று கேட்கலாம்.

பிறகு "காணும்". இந்தச் சொல்லுக்காகவே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். தமிழ்நாட்டில் "போதும்" என்கிற இடத்தில் நாங்கள் "காணும்" என்கிறோம், பற்றாவிட்டால் "காணாது". இத்தாலியில் அதற்கு "பாஸ்தா". எங்கட எழுத்தில் சாப்பிடுகிற பாஸ்தாவுக்கும் போதும் என்கிற பாஸ்தாவுக்கும் ஒரே எழுத்து என்பதால், முதல்முறை விருந்துக்குப் போன ஆள் "பாஸ்தா, பாஸ்தா" என்று சொன்னால் இன்னொரு கரண்டி விழுமா நிற்குமா என்பது அவருடைய உச்சரிப்பைப் பொறுத்தது.

இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. இத்தாலியில் "சில"வுக்குப் பழகிய சொல் "குவால்கே". அதன்பின் வரும் பெயர் எப்பவும் ஒருமையில்தான் நிற்கவேண்டும். "குவால்கே பார்கா" என்றால் சில வள்ளங்கள், ஆனால் வள்ளம் ஒருமை. ஆங்கிலம் பேசுகிற மாணவர்கள் இதில் தடக்குப்படுவார்கள். "நாலைஞ்சு வள்ளம் நிக்குது" என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு அது பிரச்சினையே இல்லை. குவால்கே பிறந்த விதமும் பழக்கமானது. "குவாலே" என்றால் "எது?" என்ற கேள்வி. கேள்விச் சொல்லோடு ஒரு ஒட்டுச் சேர்ந்து தெரியாத அளவாகிவிட்டது. நாங்கள் "எத்தனை"யோடு "ஓ" சேர்த்து "எத்தனையோ" என்கிறோமே, அதே தொழில்நுட்பம். யாரோ, எங்கேயோ, எவ்வளவோ. பதில் கிடைக்காத கேள்வியையே பதிலாக வைத்துவிடுவது.

எண்களையும் இப்படித்தான் கரைக்கிறோம். "ஒரு இருபது பேர்" என்றால் இருபதை ஒட்டி. அந்த "ஒரு"வுக்கு ஒன்று என்ற பொருள் அங்கே செத்துப்போய்விடுகிறது. இத்தாலியர் இதற்கு எண்ணின் வாலில் "ஈனா" சேர்ப்பார்கள். வென்தி இருபது, "வென்தீனா" ஒரு இருபது. குவாரந்தா நாற்பது, "குவாரந்தீனா" ஒரு நாற்பது. இதே குடும்பத்தில் வெனிஸ்காரர் துறைமுகத்தில் கப்பல்களை நாற்பது நாள் மறித்து வைத்ததற்கு இட்ட பெயர்தான் உலகம் முழுக்கப் போய் 2020இல் எங்கட வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டது. நாற்பது நாள் பதினாலு நாளாகியும் பெயர் மாறவில்லை.

நாலு என்ற எண் இரண்டு மொழியிலும் படாத பாடுபடுகிறது. "நாலு பேர் என்ன சொல்லுவினம்" என்கிறபோது அந்த நாலு பேர் ஊர் முழுக்க. "நாலு எழுத்துப் படிச்சவன்", "நாலு இடம் போய் வந்தவள்". இத்தாலியில் "குவாத்ரோ கியாக்கியேரே" என்றால் நாலு கதை கதைப்பது, சும்மா பேசிக்கொண்டிருப்பது. "குவாத்ரோ காத்தி", நாலு பூனை, என்றால் ஆட்களே வராத கூட்டம். எங்கட நாலு ஊராகப் பெருக்கிறது, அவர்களுடைய நாலு வெறும் பூனைகளாகச் சுருங்குகிறது.

ஏழும் அப்படித்தான். தீவகத்தைச் "சப்த தீவு" என்போம். காரைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. எண்ணினால் ஏழு வரும். ஆனால் மண்டைதீவு எங்கே? பெரும்பாலான பட்டியல்களில் இல்லை. ஆட்கள் வாழ்கிற தீவு, யாழ்ப்பாண நகரத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கிற தீவு, எண்ணிக்கைக்குள் வரவில்லை. ஏழு கடல், ஏழு மலை என்று கதை சொல்கிற பழக்கத்தில் ஏழு என்பது "கன"வுக்கு ஒரு அழகான உடுப்பு. அதற்குள் எட்டாவது ஆள் நுழைய இடமில்லை.

எண்களைக் கரைக்காமல் வைத்திருக்கத் துடித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, தீவுகளுக்குத் தங்கட நகரங்களின் பெயர்களை வரிசையாக ஒட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம். பெயர் வைப்பதோடு எண்ணுவதும் நடந்தது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்தேயஸ் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில், ஒவ்வொரு கோயிற்பற்றாக எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள், எத்தனை பேர் கிறிஸ்தவர் என்று எண் போட்டு எழுதியிருக்கிறார். அதே நூலில் தமிழ் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் ஒரு சின்ன அறிமுகமும் உண்டு. மொழியைப் படித்த கையாலேயே தலைகளையும் எண்ணினார். காணிகளுக்குத் தோம்பு இருந்தது. யாருடைய காணி, என்ன பரப்பு, என்ன பயிர், என்ன இறை என்று எழுதுகிற பதிவு. தோம்பு என்பதும் போர்த்துக்கேயச் சொல்.

காணி அளவிலேயே ஒரு அழகான விசயம் ஒளிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பரப்புக் கணக்கு இரண்டு வகை. வரகு விதைக்கிற நிலத்துக்கு ஒரு கணக்கு, நெல் விதைக்கிற நிலத்துக்கு வேறு கணக்கு. வரகுக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர், நெற்கணக்கில் 12. ஒரே சொல், இரண்டு அளவு. இன்ன தானியம் இவ்வளவு விதைக்க எவ்வளவு நிலம் வேணும் என்ற கமக்காரனின் கைக்கணக்கிலிருந்து வந்தது அது. வரகு விதைப்பதையே விட்டுக் கன காலமான பிறகும் நொத்தாரிசு அந்தக் கணக்கில்தான் எழுதினார். கைக்கணக்கு சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எண்ணத் தெரியாத சனம் என்று எங்களைப் பற்றி யாராவது எழுதினால் இந்த உறுதிகளைக் காட்டலாம். தங்களுக்குத் தேவையான இடத்தில் குழி பிசகாமல் எண்ணினார்கள். தேவையில்லாத இடத்தில் "ஒரு பிடி" என்று விட்டார்கள். அந்தத் தெரிவு அவர்கள் கையில் இருந்தது.

அந்தத் தெரிவு கைமாறியபோது என்ன நடந்தது என்பதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1981இல் நாடு முழுக்கக் குடிசன மதிப்பீடு நடந்தது. வடக்கில் அடுத்த முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல். இடையில் 31 வருசம். யாழ்ப்பாணமும் தீவுகளும் இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடி இடம்பெயர்ந்து, கடல் கடந்து போன அத்தனை காலமும் அந்த 31 வருசத்துக்குள்தான். தோம்பில் காணியையும் பால்தேயஸின் பக்கங்களில் பிள்ளைகளையும் எண்ணிய மண்ணில், ஆட்கள் எண்ணப்படாமல் போனார்கள். "சில குடும்பங்கள் இருக்கினம்", "கன பேர் போயிட்டினம்". அந்தக் காலத்து அறிக்கைகளில் தீவகம் ஒரு குவால்கே.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகிற "குமுதினி" படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தது கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். எத்தனை பேர்? ஒரு அறிக்கையில் "குறைந்தது 23". ஊரில் நினைவுகூரும்போது 36. வேறு எண்களும் உண்டு. படகில் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தெரிந்த சின்னத் தீவு அது. இறங்குதுறையில் யார் ஏறினார்கள், யார் வீடு திரும்பவில்லை என்று ஊருக்குத் தெரியும். அப்படியிருக்க வெளியுலகத்துக்குப் போன வாசகம் "குறைந்தது". அந்தச் சொல்லில் பிழையில்லை, ஆதாரத்தோடு உறுதிப்படுத்தியது அவ்வளவு என்று நேர்மையாகச் சொல்கிற சொல் அது. ஆனால் 23க்கும் 36க்கும் இடையில் நிற்பவர்களை எண்ண வேண்டியது யார் என்பதை அது சொல்வதில்லை. ஒழுங்கான நீதி விசாரணை நடந்திருந்தால் "குறைந்தது" தேவைப்பட்டிருக்காது.

1990 ஆகஸ்ட் கடைசியில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது மண்டைதீவிலும் அயலிலும் பிடித்துக்கொண்டு போகப்பட்ட இளைஞர்கள் திரும்பவில்லை. நூறுக்குக் கிட்ட என்பார்கள், நூறுக்கு மேல் என்பார்கள். ஏழுக்குள் வராத எட்டாவது தீவு.

இந்த இடத்தில் "பலர்", "சிலர்" என்ற சொற்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "நாலைஞ்சு பேர்" என்று சொல்கிறவர் தான் பார்த்ததைச் சொல்கிறார். எண்ணவில்லை, ஆனால் கண்ணால் கண்ட அளவு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்று ஒரு வேலி போடுகிறார். "வென்தீனா"வும் அப்படித்தான், இருபதைப் பிடித்துக்கொண்டுதான் அங்கிட்டும் இங்கிட்டும் அசையும். "எத்தனையோ" என்கிறவர் தனக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறார். "பலர் உயிரிழந்தனர்" என்று எழுதுகிற பேனாவுக்கு இந்த மூன்றில் எந்தப் பொறுப்பும் இல்லை. பார்த்தேன் என்றும் இல்லை, தெரியாது என்றும் இல்லை. எங்கட பத்திரிகைகளும் இதில் விலக்கல்ல. நயினை அம்மன் தேரானாலும் இழவுச் செய்தியானாலும் அதே "நூற்றுக்கணக்கான", "ஆயிரக்கணக்கான". கணக்கே போடாத இடத்தில்தான் அந்தக் "கணக்கான" வருகிறது, கவனித்திருக்கிறீர்களா?

இதை மறுத்த ஒருவர் நெடுந்தீவில் பிறந்தவர். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை. பிறந்தது 1940, மறைந்தது 2021 ஏப்ரல் 1. 2011 ஜனவரி 8ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது அவர் ஒரு கழித்தல் கணக்கைக் கொடுத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். இது கச்சேரியின் எண், அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். இது ஐக்கிய நாடுகளின் எண். மீதி 146,679.

அவர் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேணும். இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இத்தனை பேருக்குக் கணக்கு இல்லை, இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற கணக்கு. அதே வருசம் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என்று எழுதியது. அந்த "வரை"யும் "இருக்கலாம்"உம் சர்வதேச அறிக்கைகளின் தெல். ஆயருடைய எண்ணில் அப்படி ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஒன்பதில் முடிகிற எண். வட்டமாக்க மறுத்த எண்.

2012இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அந்த எண்ணைப் பற்றி அவரை விசாரித்தார்கள். "பலர்" என்று சொன்னதற்காக விசாரிக்கப்பட்ட ஒருவரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த எண் எங்கட வாயில் என்ன ஆனது என்பதையும் சொல்லத்தான் வேணும். மேடைகளில் "ஒண்டரை லட்சம்" ஆனது. சில இடத்தில் "ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம்". பேச்சில் எண் உருண்டு போவது இயல்பு, முழு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒண்டரை லட்சம் என்கிறபோது, இல்லாத 3,321 பேரைச் சேர்க்கிறோம். அந்த ஒன்றை வைத்தே முழுக் கணக்கும் பொய் என்று எதிராளி தள்ளிவிடலாம். ஆயிரத்தோடு நிறுத்துகிறபோது 679 பேரை விடுகிறோம். 679 பேர் என்றால் எத்தனை குமுதினி? அவர்கள் காணாமற்போனவர்களின் பட்டியலிலிருந்தும் காணாமற்போகிறார்கள்.

இத்தாலியில் எண்ணை எழுத்தில் எழுதும்போது இடைவெளி விடமாட்டார்கள். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பது அங்கே ஒரே சொல். "சென்தோகுவாரந்தாசேய்மிலாசேய்சென்தோசெத்தாந்தானோவே". பலெர்மோவிலோ வேறெங்கோ படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, வகுப்பில் வாத்தியார் பெரிய எண் ஒன்றை உதாரணம் கேட்டால் இதைச் சொல்லலாம். உச்சரிக்கக் கஷ்டம்தான். முன்னுக்கு "தெல்" போடத் தேவையில்லை.